துடைக்கக் கூடாத துப்பாக்கி

ஆயுத அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். துப்பாக்கியைப் பிரிப்பதும் பூட்டுவதும் உங்களுக்குப் பயிற்சியிலேயே வந்துவிடும். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஆறு மாதத்தில் செய்வீர்கள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. முப்பத்தாறு வருஷம் போலீஸ் ஆயுத அறையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுது பார்க்கிறவனாக, வேலை பார்த்து ஏட்டாக ஓய்வு பெற்ற நான், ஓய்வுக்கு இரண்டே மாதம் இருக்கும்போது அசட்டுத்தனமாக ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்கிறேன். வாய்விட்டுச் சிரிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு உலர்ந்த இரும்பைக் கண்டால் ஆகாது. வில்லியனூரில் என் மாமனார் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போன அன்றே வாசல் கேட்டு கிறீச்சென்றது. தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கிக் கீலுக்கு இரண்டு சொட்டு விட்ட பிறகுதான் உள்ளே போய் உட்கார்ந்தேன். பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பே அவர்களுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. என் மனைவி இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவாள். என் கையில் வந்த எந்தத் துப்பாக்கியும் அழுக்காகத் திரும்பிப் போனதில்லை என்பதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். அந்தக் கர்வம்தான் என்னை ஆற்றங்கரையில் வைத்துக் கவிழ்த்தது.

நடந்தது இதுதான். கைதிகளை ஜெயிலிலிருந்து கோர்ட்டுக்கு அழைத்துப் போகிற வழிக்காவல் குழுவில் இருப்பவர்கள் நெடுநாளாக ஒரே புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீளத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு வேனுக்குள் உட்கார முடியவில்லை, அவசரத்துக்கு இறங்க முடியவில்லை என்பது அந்தப் புகார். அது வெறும் சொகுசுக்காகச் சொன்னது இல்லை. அவர்கள் அழைத்துப் போகிற கைதிகளில் ரவுடிகள் உண்டு. அந்த ரவுடிகளுக்கு எதிர்க் கோஷ்டி உண்டு. எதிர்க் கோஷ்டியிடம் நாட்டு வெடிகுண்டும் வீச்சரிவாளும் உண்டு. நடுரோட்டில் வேனை மறித்தால் கதவைத் திறந்து இறங்குகிற அந்த மூன்று நான்கு நொடிதான் எல்லாம். துப்பாக்கி சீட் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு நின்றால் கைதிக்கும் ஆபத்து, கூட இருக்கிறவர்களுக்கும் ஆபத்து.

அதனால் குட்டையான துப்பாக்கி ஒன்றை வாங்கலாம் என்று மேலிடம் முடிவு செய்தது. வந்து சேர்ந்தது ஏ.ஆர். வகைத் துப்பாக்கி. தாளில் பிஸ்டல் என்று போட்டிருந்தார்கள். பார்த்தால் பெரிய ரைஃபிள் ஒன்று குட்டி போட்டது மாதிரி இருந்தது. அதே உடம்பு, தோட்டா அடைக்கிற அதே மேகசின், குழல் மட்டும் குட்டை. தோளில் முட்டுக் கொடுக்கிற பின்கட்டை கிடையாது. பஞ்சு மெத்தை வைத்த பெட்டியில் படுத்திருந்தது. நான் அதைத் தொட்டதும் மயங்கிவிட்டேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதைக் கொண்டுவந்தவர் சலீம் என்ற இளைஞர். ஏதோ வெளிமாநிலத்து அதிகாரி கோட்டு சூட்டோடு வருவார் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்க, வந்தவர் நம் வில்லியனூர்க்காரர். அவருடைய அப்பா கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். என் வீட்டுத் தாழ்ப்பாள்கூட அவர் கடையில் வாங்கியதுதான். இன்ஜினியரிங் படித்துவிட்டு, இந்தத் துப்பாக்கியைச் செய்கிற கம்பெனியில் சேர்ந்திருந்தார். அவரைத் தனியாக அனுப்பிய முதல் சோதனை இது. அதில் அவருக்குக் கொஞ்சம் நடுக்கம் இருந்தது. எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பிடித்தவர்கள் கொண்டுவந்த பொருளைச் சோதிப்பது கஷ்டம் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

சோதனை குருவிநத்தத்துக்கு அப்பால், ஆற்றை ஒட்டி எங்களுக்கு இருந்த சுடுதளத்தில் மூன்று நாள். சுடுகிற நாளில் சிவப்புக் கொடி ஏற்றினால் அக்கம்பக்கத்து வயலில் யாரும் இறங்கக் கூடாது. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் மூலம் ஆட்டோவில் மைக் கட்டி முன்கூட்டியே சொல்லிவிடுவோம். அறுப்பு நேரமாக இருந்ததால், மூன்றே நாள், நாலாம் நாள் கொடியை இறக்கிவிடுவோம் என்று எங்கள் கமாண்டன்ட் ஊர்க்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

கமாண்டன்ட் கண்டிப்பானவர். கம்பெனி ஆளிடமிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கக் கூடாது, அவரவர் சாப்பாட்டை அவரவர் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று உத்தரவு. ஆனால் கம்பெனி ஆளுக்கு நாம் கொடுக்கலாமா என்பதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. அதைக் கண்டுபிடித்தது அமுதா. கிருமாம்பாக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், வழிக்காவல் குழுவில் கான்ஸ்டபிள். அந்தத் துப்பாக்கியை வாங்கினால் அதை மடியில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகப் போகிறவர்களில் முதல் ஆள் அவள்தான். சலீம் மரத்தடியில் தனியாகப் பிஸ்கட் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுபோய் முன்னால் வைத்தாள். மூன்று நாளும் அவருக்கு விருந்துதான்.

முதல் நாள் வேனில் ஏறி இறங்கிப் பார்த்தோம். ஆறு பேரை உள்ளே அடைத்துக் கதவைச் சாத்தி, விசில் ஊதியதும் இறங்க வேண்டும். பழைய துப்பாக்கியோடு செய்தபோது எங்கள் பருமனான ஏட்டு ஒருவர் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியதாகிவிட்டது. புதுத் துப்பாக்கியோடு செய்தபோது விசிலை வாயிலிருந்து எடுப்பதற்குள் அமுதா வெளியே நின்றுகொண்டிருந்தாள். பருமனான ஏட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டார். அதில் துப்பாக்கியின் குற்றம் ஒன்றும் இல்லை என்று கமாண்டன்டே எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு சுடுகிற சோதனை. ஐந்நூறு ரவுண்டு, அதாவது ஐந்நூறு தோட்டா சுட வேண்டும். அதற்குள் ஒரு தடவை சிக்கினால் மன்னிக்கலாம், அதற்கு மேல் போனால் தோல்வி. முதல் நாள் மத்தியானம் ஆரம்பித்து இரண்டாம் நாள் முழுக்கச் சுட்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ஐந்நூறும் முடிந்தது. ஒரு சிக்கல்கூட இல்லை. சுடச் சுட ரவுண்டுகள் பொரி மாதிரி போய்க்கொண்டே இருந்தன. புழுதிச் சோதனையும் செய்தோம். கமாண்டன்ட் ஒரு பிடி மண்ணை அள்ளி அதன் மேல் தூவினார். அதற்குப் பிறகும் அது தும்மக்கூட இல்லை. சலீமின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெருநாள் பிறை கண்டவர் மாதிரி இருந்தார். கமாண்டன்ட் மறுநாள் காலையில் அறிக்கையில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தகரக் கொட்டகைக்குள் போனார். ஆர்மரர் என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் அந்த அறிக்கை நகராது.

நான் மரத்தடியில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அமுதா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றாள். நம் போலீஸ் சிவப்புத் தொப்பி எதற்கு உதவாவிட்டாலும் விசிறுவதற்கு உதவும். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"ஏட்டய்யா, கோர்ட்டுக்குப் போறப்பவும் உங்கள வேன்ல ஏத்திக்கினு போவணும் போலக்குதே."

"ஏம்மா?"

"டீ குடிக்கிறதுக்கு நிறுத்தினாலே எண்ணெ வுட்டுக்கினு கீறீங்க. ரோட்டுல எங்களுக்கு யாரு வுடுவா?"

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கையில் இருந்த ஃபிளானல் துணியைப் பார்த்தேன். அது கறுப்பாக இருந்தது. சோதனை விதிகளின் இரண்டாம் பக்கம் ஞாபகத்துக்கு வந்தது. ஐந்நூறு ரவுண்டு முடியும்வரை துப்பாக்கியைச் சுத்தம் செய்யவோ எண்ணெய் விடவோ கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அதைப் படித்துக் கீழே கையெழுத்துப் போட்டவனும் நான்தான். போட்டுவிட்டு, ஒவ்வொரு இடைவேளையிலும் உட்கார்ந்து துடைத்திருக்கிறேன். கமாண்டன்ட் மண் தூவியபோது, வாயால் ஊதி, துணியால் ஒற்றி, ஒரு சொட்டு விட்டுத்தான் சுடுகிறவன் கையில் கொடுத்திருக்கிறேன். எல்லார் கண்முன்னாலும்தான் செய்தேன். ஆர்மரர் துப்பாக்கியைத் துடைப்பதை யார் கவனிப்பார்கள்? உழுகிறவன் வியர்வையைத் துடைக்கிற மாதிரி அது. எனக்கே தெரியாமல்தான் செய்தேன் என்று சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, அதுதான் உண்மை.

தம்பிகளா, தங்கைகளா, இந்த இடத்தில் நான் நல்லவன் மாதிரி உடனே எழுந்து ஓடினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஒரு ஐந்து நிமிடம் நான் கெட்டவனாக இருந்தேன். அந்த ஐந்து நிமிடத்தில் மனசு என்னவெல்லாம் சொல்லித் தந்தது தெரியுமா? துப்பாக்கி நல்ல துப்பாக்கி. எண்ணெய் விடாவிட்டாலும் ஓடத்தான் ஓடும். அமுதா விளையாட்டாகச் சொன்னாள், அவளுக்கு விதி தெரியாது. அந்தப் பக்கம் சலீம் போனில் யாரிடமோ, அநேகமாக அவருடைய அம்மாவிடம், சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் கொடி இறங்குவதற்காகக் காத்திருக்கிறார்கள். எனக்கு ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கிறது, இதுவரை ஒரு மெமோகூட வாங்கியதில்லை. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான், எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம்.

எதிரே அமுதா காலி மேகசின்களைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அடுக்கினாள். வேன் கதவைத் திறந்து அவள் இறங்குவதும், துப்பாக்கி சிக்கிக்கொண்டு சுடாமல் நிற்பதும் என் கண்ணுக்குள் வந்தது. எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டேன்.

கமாண்டன்ட் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன்.

"அய்யா, மூணு நாளா நாம பாத்த ரிசல்ட்டு துப்பாக்கியோடது இல்ல. என்னோடது."

அவருக்குப் புரியவில்லை. துணியைக் காட்டினேன். முழுக்கச் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வெகுநேரம் அந்தத் துண்டுக்குள்ளேயே இருந்தார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எத்தன தடவ தொடச்சே?"

"ஏழு தடவ அய்யா."

"ஏழா?"

"எட்டாவும் இருக்கலாங்க அய்யா. ஒரு தடவ பேசிக்கினே தொடச்சதுல எண்ண மறந்துட்டேன்."

துண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனால் சிரித்து முடித்தபின் அவர் சொன்னது கடுமையாகத்தான் இருந்தது. நாளைக்கு முதலிலிருந்து ஐந்நூறு ரவுண்டு, பயிற்சிக்கு வைத்திருந்த தோட்டாவை எடுக்க வேண்டியதுதான். சலீமிடம் அவரே சொல்லிவிடுவார். கொடி இன்னொரு நாள் பறக்கும் என்பதை மட்டும் ஊர்க்காரர்களிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் அல்லவா?

சுடுதளத்தை ஒட்டிய வயல் ஏழுமலையுடையது. நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது. நெட்டப்பாக்கம் பக்கத்திலிருந்து அறுப்பு மெஷினுக்கு அவர் மறுநாளைக்குச் சொல்லி வைத்திருந்தார். அந்த நாளை விட்டால் மெஷின் வேறு ஊருக்குப் போய்விடும், வானமோ மூடிக்கொண்டு வந்தது. நான் போய் நின்றபோது பம்பு செட்டு ஓரம் கால் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நான் செய்த தப்பையும் சேர்த்துத்தான் சொன்னேன், அரைகுறையாகச் சொல்லி என்ன ஆகப் போகிறது? அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எண்ணெ வுட்டதுக்கு என் நெல்லு கொட்டணுமா ஏட்டு?"

அவரே வானத்தைப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார். மெஷின் விடியக்காலையில் வந்துவிடும், உச்சி வெயிலுக்குள் அறுத்து முடித்துவிடுவார், அதுவரை கொடி ஏறக் கூடாது, அதற்கப்புறம் சாயங்காலம்வரை எவ்வளவு வேண்டுமானாலும் வெடித்துக்கொள்ளலாம். கமாண்டன்டும் சரி என்றார்.

மறுநாள் காலையில் மெஷின் வயலில் இறங்கியது. அறுப்பு மெஷின் ஓடுகிற இடத்தில் நீங்கள் நின்றிருக்கிறீர்களா? தூசியும் பதரும் சுணையும் கிளம்பி, ஆற்றுக்காற்றில் சுடுதளம் முழுக்க வந்து விழுந்தது. எங்கள் தலை, மீசை, டீ டம்ளர் எல்லாவற்றிலும் சுணை. ஆளாளுக்குச் சொறிந்துகொண்டு நின்றோம். விதிப்படி, சோதனை தொடங்குவதற்கு முன்னால் நான் துப்பாக்கியை ஒரே ஒரு தடவை சுத்தம் செய்து, பெட்டியில் வைத்து, தார்ப்பாயால் மூடியிருந்தேன். மூடிவிட்டுப் பார்த்தேன். நேற்றும் முந்தாநாளும் செய்த அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன் என்று பட்டது. தார்ப்பாயை விலக்கி, துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்து, காற்று வருகிற பக்கமாகப் பெஞ்சின் மேல் வைத்தேன். பெற்ற பிள்ளையை வெயிலில் நிறுத்தின மாதிரி இருந்தது எனக்கு. சலீம் ஓடிவந்து என்ன ஏட்டய்யா இப்படிச் செய்கிறீர்கள் என்று பதறினார்.

"கோர்ட்டு ரோட்டுல பொட்டி கெடையாது தம்பி" என்றேன். கமாண்டன்ட் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். ஒரு பிடி மண்ணைத் தூவுவதைவிட இது மேல் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

மத்தியானம் கொடி ஏறியது. சுடுவதற்கு முன் கமாண்டன்ட் என்னைக் கூப்பிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார். பேச்சுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு இடைவேளையிலும் என் விரல்கள் தாமாக வெளியே வரும். ஒவ்வொரு தடவையும் அமுதா தொண்டையைச் செருமுவாள்.

முதல் எட்டு மேகசினும் ஒழுங்காகப் போயின. ஒன்பதாவதில், அமுதா சுட்டுக்கொண்டிருக்கும்போது, சத்தம் பாதியில் அறுந்தது. துப்பாக்கி சிக்கிவிட்டது. அவள் பயிற்சியில் கற்றுக்கொண்டபடி சரிசெய்து தொடர்ந்தாள். பதினோராவதில் மறுபடி. பதிமூன்றாவதில் மறுபடி. மூன்றாவது தடவை அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முந்தின நாள் கிண்டலாகச் சொன்னது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. துப்பாக்கியைப் பத்திரமாகப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்து, என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"நல்ல வேள ஏட்டய்யா" என்று மட்டும் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுணை விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று அந்தப் பொய்யை யாரும் சந்தேகப்பட முடியாது.

எனக்குச் சலீமைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. வரப்பின் மேல் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருடைய முதல் வேலையைக் கெடுத்தவன் நான். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, என் மேல் வருத்தமா என்று கேட்டேன். வைக்கோலைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்.

"வருத்தந்தான். இல்லன்னு இன்னாத்துக்குச் சொல்லணும்? ஆனா மூணு நாளா அமுதாக்கா களி போட்டாங்க. இது ரோட்டுல சிக்கியிருந்தா, அவங்க வூட்டுக்கு நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு போவேன்?"

சொல்லிவிட்டு எழுந்து போய், சிக்கின மூன்று தடவையையும் ஒவ்வொன்றாகக் கமாண்டன்டிடம் கேட்டு எழுதிக்கொண்டார். எந்த இடத்தில் தூசி அடைந்திருந்தது என்று போட்டோ எடுத்தார். நானும் அவரும் அன்று சாயங்காலம் அதைப் பிரித்து, மடித்துப் போட்ட சாக்கின் மேல் உறுப்பு உறுப்பாகப் பரப்பி வைத்துப் பார்த்தோம். ஏழுமலை வந்து, புதுத் துப்பாக்கியை இப்படிக் குடல் உருவிப் போட்டிருக்கிறீர்களே என்று கேட்டுவிட்டு, எங்கள் எல்லோருக்கும் இளநீர் சீவிக் கொடுத்தார். நெல் மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்த சந்தோஷம் அவருக்கு. கம்பெனி ஆள் ஊர்க்காரரிடம் இளநீர் வாங்கலாமா என்று யாரோ கேட்டார்கள். கமாண்டன்ட் காதில் விழாத மாதிரி, குண்டு தடுக்கிற மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆறு வாரம் கழித்து அதே துப்பாக்கி திரும்பி வந்தது. கம்பெனி இன்ஜினியர்கள் சலீம் எழுதிக்கொடுத்ததை வைத்து உள்ளே இரண்டு உறுப்புகளை மாற்றியிருந்தார்கள். எனக்கு ஓய்வுக்குப் பதினைந்து நாள் பாக்கி. கமாண்டன்ட் கேட்பதற்கு முன்னாலேயே, நான் சுடுதளத்துக்குள் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். என் கையை எனக்கே நம்ப முடியாது. பின்பக்கம், கொடி எல்லைக்கு வெகுதூரம் தள்ளி இருக்கிற ஏழுமலையின் பம்பு செட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். வெடிச் சத்தத்தைக் காதாலேயே எண்ணிக்கொள்ளலாம் என்று கணக்கு. ஒரு மேகசினுக்கு முப்பது. முப்பது முடிந்தால் ஒரு இடைவெளி வரும், அது மேகசின் மாற்றுகிற நேரம். முப்பதுக்கு முன்னால் இடைவெளி வந்தால் சிக்கல்.

சத்தம் ஆரம்பித்தது. நான் எண்ண ஆரம்பித்தேன். முதலில் உட்கார்ந்து எண்ணினேன், பிறகு நின்று எண்ணினேன், பிறகு பம்பு செட்டைச் சுற்றி நடந்து எண்ணினேன். ஏழுமலை மம்முட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"இன்னா ஏட்டு, பொண்டாட்டிய பிரசவத்துக்கு உள்ள அனுப்பிட்டு நிக்கிற மாரி நிக்கிற."

பேசாதீர்கள் என்று கையைக் காட்டினேன். பத்தாவது மேகசினுக்கு மேல் அவரும் என்னோடு சேர்ந்து விரல் மடக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு தடவை இருபத்து நாலில் சத்தம் நின்றது. என் மூச்சும் நின்றது. ஏழுமலை என் தோளைப் பிடித்துக்கொண்டு, நீ தப்பா எண்ணிட்ட, முப்பது முடிஞ்சிது என்று அடித்துச் சொன்னார். மறுபடி சத்தம் கிளம்பியது, அதற்கப்புறம் எங்கும் தடை வரவில்லை. கடைசி வெடிக்குப் பிறகு வெகுநேரம் அமைதியாக இருந்தது. பிறகு அங்கே தூரத்தில் யாரோ விசில் அடித்தார்கள், இன்னும் யாரோ கை தட்டினார்கள், என் சட்டைப் பையில் போன் அடித்தது. கமாண்டன்ட் ஒரே வார்த்தைதான் சொன்னார், "வாய்யா." அறுபதை நெருங்குகிற ஆள் வரப்பு மேல் ஓடக் கூடாது. நான் ஓடினேன். ஏழுமலையும் மம்முட்டியோடு பின்னால் ஓடிவந்தார், கொடி இறங்கியது தெரிந்ததும் எல்லையைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார்.

ஐந்நூறில் ஒரு சிக்கலும் இல்லை. இருபத்து நாலில் நின்றது, அமுதா கண்ணுக்குள் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டதால்தானாம். சலீம் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். அமுதா துப்பாக்கியைக் காலி செய்து, காட்டி, என் கையில் கொடுத்தாள். அவ்வளவு அழுக்கான துப்பாக்கியை அதற்கு முன் நான் வாங்கியதே இல்லை. கரி, புழுதி, கைவியர்வை எல்லாம் அப்பிக் கிடந்தது. நான் இல்லாமல், என் துணி இல்லாமல், என் எண்ணெய் இல்லாமல் அது கடைசிவரை ஓடியிருந்தது. நீ வேண்டாம் என்று ஒரு துப்பாக்கி சொன்னதற்காக முப்பத்தாறு வருஷத்தில் நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இன்றைக்கு அந்தத் துப்பாக்கிகள்தான் உங்கள் அறையில் வரிசையாக நிற்கின்றன. வழிக்காவல் குழு அவற்றைத்தான் எடுத்துப் போகிறது. இதுவரை நடுரோட்டில் சுட வேண்டி வந்ததில்லை, வரவும் வேண்டாம். உங்களையும் ஒரு நாள் சோதனைக் குழுவில் போடுவார்கள். அப்போது துப்பாக்கிமேல் இருக்கிற ஆசையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். அதை யார் எடுத்துப் போகப் போகிறார்களோ அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் எட்ட நில்லுங்கள். தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லுங்கள். நான் மெமோ வாங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். என் சர்வீஸில் ஒரே மெமோ. வாங்கிக்கொண்டு வெளியே வந்து டீ குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது.

அன்று கமாண்டன்ட் அங்கேயே பெஞ்சில் வைத்து அறிக்கையை நீட்டினார். நான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். தாளில் கரி பட்டுவிட்டது. வேறு தாளில் அடித்துத் தரச் சொல்லலாமா என்று சலீம் கேட்டார், கமாண்டன்ட் வேண்டாம் என்று ஃபைலில் கோத்துவிட்டார். உங்கள் அலமாரியில் அந்த ஃபைல் இருக்கும். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் கறுப்பாகப் பெருவிரல் ரேகை ஒன்றைப் பார்ப்பீர்கள். அழுக்கு என்று நினைத்து யாரும் துடைத்துவிடாதீர்கள். என் சர்வீஸில் நான் துடைக்காமல் விட்டது அது ஒன்றுதான்.